பெருந்தொற்றுக் காலத்தில் செயற்கைப் போதைப்பொருள்கள் ஏன் அத்தனை பேரைக் கொன்றன?

2020-ல் உலகம் வென்டிலேட்டர்களை எண்ணிக்கொண்டிருந்த மாதங்களில், கொரோனா தொற்றாமலேயே மூச்சு நின்று இறந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அமெரிக்காவில் 2019-ல் போதைப்பொருள் மிகையால், அதாவது உடல் தாங்கும் அளவை மீறி எடுத்ததால், இறந்தவர்கள் 70,630 பேர். 2020-ல் அது 91,799. 2021-ல் 1,06,699. இந்த உயர்வின் பெரும்பகுதிக்குக் காரணம் ஃபென்டனில் வகையைச் சேர்ந்த செயற்கை ஓபியாய்டுகள், அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலிநிவாரண, போதை மருந்துகள். அவை சம்பந்தப்பட்ட மரணங்கள் 2019-ல் 36,359 ஆக இருந்து, இரண்டே ஆண்டுகளில் 70,601-ஐத் தொட்டன. ஐம்பத்தைந்து லட்சம் மக்கள் கொண்ட ஸ்காட்லாந்தில் 2020-ல் 1,339 பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் விகிதம் ஐக்கிய ராச்சியம் முழுமைக்குமான விகிதத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரலிலேயே இதைப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்திருந்தது. 2019-ல் அங்கே மரணங்கள் குறையத் தொடங்கியிருந்தன. 2020-ல் ஆயிரத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து 1,700-க்கு மேல் போய்விட்டன.

ஊரடங்கின் மன அழுத்தத்தில் புதிதாக நிறையப் பேர் போதைக்குப் போனார்கள், அதனால் சாவு கூடியது என்ற விளக்கம் அன்று எல்லா ஊர்ச் செய்திகளிலும் வந்தது. அது முக்கியக் காரணம் இல்லை. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். ஸ்காட்லாந்தில் 35 வயதுக்கும் 54 வயதுக்கும் இடைப்பட்டவர்களே அதிகம். மாறியவை வேறு. பொட்டலத்துக்குள் இருந்த பொருள் மாறியது. ஒன்றோடு இன்னொன்று கலந்து வந்தது. பயன்படுத்துபவர் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் கொன்றது.

பொருள் மாறிய கதை பெருந்தொற்றுக்குக் கொஞ்சம் முன்பே தொடங்குகிறது. 2019 மே 1 முதல் சீனா ஃபென்டனில் வகைப் பொருள்கள் அத்தனையையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. அதுவரை மூலக்கூறில் ஓர் அணுவை மாற்றிப் புதுப்பெயரில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. உடனே அவர்கள் தேடிப் பிடித்தது நிட்டசீன்களை. 1950-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் வலிநிவாரணிகளாக உருவாக்கி, மூச்சை அடக்கும் ஆபத்து மிக அதிகம் என்று கைவிட்ட குடும்பம் இது. வேதியியல் அமைப்பில் ஃபென்டனிலோடு தொடர்பே இல்லாததால் ஃபென்டனில் வகைக்கான தடை இவற்றைத் தொடவில்லை. இக்குடும்பத்தின் ஐசோடோநிட்டசீன் 2019-ல் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கா அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சந்தை புரோர்ஃபின் என்ற இன்னொரு செயற்கை ஓபியாய்டுக்கு நகர்ந்தது. 2021 மார்ச்சில் அதற்கும் தடை வந்தது, மெடோநிட்டசீன் தலைதூக்கியது. டென்னசி மாநிலத்தில் நிட்டசீன் சம்பந்தப்பட்ட மரணம் 2019-ல் ஒன்றுகூட இல்லை. 2020-ல் 10, 2021-ல் 42.

இதன்மேல் ஊரடங்கு வந்து விழுந்தது. விமானங்கள் நின்றன, எல்லைகள் இறுகின. ஹெராயினைக் கடத்த இடம் வேண்டும். ஃபென்டனில் ஹெராயினைப் போல ஏறத்தாழ 50 மடங்கு வீரியம் உள்ளது. ஐம்பது கிலோ மூட்டை செய்யும் வேலையை ஒரு கிலோ பொட்டலம் செய்துவிடும், அதைத் தபாலிலும் அனுப்பலாம். கண்காணிப்பு எங்கே இறுகினாலும் சரக்கு சிறுத்து வீரியம் கூடும். 1920-களின் அமெரிக்க மதுவிலக்கிலும் பீர் மறைந்து கடும் சாராயம்தான் பெருகியது.

வீரியம் கூடும்போது அளவுப் பிழையின் விலையும் கூடுகிறது. மருத்துவமனையில் ஃபென்டனிலை 50 முதல் 100 மைக்ரோகிராம் கணக்கில்தான் கொடுக்கிறார்கள், அதுவும் பக்கத்தில் ஆக்சிஜனும் மயக்க மருத்துவரும் இருக்கும்போது. பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் பறிக்க 2 மி.கி. போதும் என்பது அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்கத் துறையின் கணக்கு. கள்ளத்தனமாக அடிக்கும் மாத்திரை ஒன்றின் எடை 100 மி.கி. என்று வைத்துக்கொண்டால், அதில் வேலை செய்யும் பொருள் ஒன்றிரண்டு சதவீதமே. மீதி எல்லாம் நிரப்பும் மாவு. உலர்ந்த தூளோடு தூளைக் கலக்கும்போது, சரியாகப் பிசையாத மாவில் உப்பு ஓரிடத்தில் கட்டியாக நிற்பது போல, மருந்து சில மாத்திரைகளில் குவிந்துவிடுகிறது. மருந்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, மாத்திரைக்கு மாத்திரை அளவு ஒத்திருக்கிறதா என்று சோதிப்பது இதற்காகத்தான். கள்ள மாத்திரைக்கு அந்தச் சோதனை கிடையாது. ஒரே உறையிலிருந்து நேற்றுப் போட்ட இரண்டு ஒன்றும் செய்யாமலிருக்கலாம், இன்று போடும் ஒன்று கொல்லலாம். “எனக்கு என் அளவு தெரியும்” என்று நீண்டநாள் பயனர்கள் சொல்வது பொய்யல்ல. அந்த அறிவு செல்லுபடியாகாத சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது.

ஸ்காட்லாந்தின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே கொன்ற கலவை மற்ற நாடுகளுக்கு முன்னறிவிப்பாக அமைந்தது. கிளாஸ்கோவிலும் டண்டீயிலும் தெருவில் ‘வேலியம்’ என்று விற்கப்படும் நீல மாத்திரையில் டயசெபாம் என்ற பதற்றத் தணிப்பு மருந்து இருந்த காலம் போய்விட்டது. உள்ளே இருந்தது எடிசோலாம். ஜப்பானில் உருவான இது இந்தியாவில் இன்றும் மருத்துவர் சீட்டுக்குத் தரப்படும் முறையான மருந்துதான். நம் ஊர் மருந்துக்கடைகளில் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் 0.25, 0.5 மி.கி. மாத்திரைகளாகக் கிடைக்கிறது. பிரிட்டனில் அதற்கு மருந்தாக அனுமதி இல்லை. அங்கே புழங்கியதெல்லாம் மொத்தத் தூளாக இறக்கி, உள்ளூரில் அச்சடித்தது. 1 மி.கி. எடிசோலாம் கிட்டத்தட்ட 10 மி.கி. டயசெபாமுக்குச் சமம். டயசெபாம் என்று நினைத்துக் கைநிறையப் போடுபவர் உண்மையில் என்ன விழுங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

2020-ல் ஸ்காட்லாந்தில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இந்தத் தெரு பென்சோடயசெபைன்கள் (டயசெபாமும் எடிசோலாமும் சேர்ந்த மருந்து வகை) மரணத்துக்குக் காரணமாகவோ துணைக்காரணமாகவோ குறிக்கப்பட்டன. ஆனால் 93% மரணங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன, பத்தில் ஒன்பதில் ஓர் ஓபியாய்டும் இருந்தது. சாவை விளக்குவது இந்தக் கூட்டுதான்.

மூளைத்தண்டில் மூச்சைத் தூண்டும் நரம்பணுக்கள் இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை உணர்ந்து வேகம் கூட்டுகின்றன. ஓபியாய்டு அந்த உணர்வை மழுக்குகிறது. கரியமில வாயு எவ்வளவு ஏறினாலும் ‘மூச்சு விடு’ என்ற கட்டளை தாமதமாகிறது, பிறகு வருவதே இல்லை. பென்சோடயசெபைன் வேறொரு வழியில், நரம்பணுவில் மருந்து ஒட்டும் இடங்களான காபா ஏற்பிகள் வழியாக மூளையைத் தணிக்கிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிகிறது, மூச்சுப்பாதை பாதி அடைபடுகிறது. தனியாக வாய்வழி எடுத்தால் பென்சோடயசெபைன் ஆரோக்கியமான ஒருவரைக் கொல்வது அரிது. ஓபியாய்டு மூச்சின் தூண்டலைக் குறைத்திருக்கும்போது, அடைபட்ட பாதையை மீறி இழுத்து மூச்சுவிடும் முயற்சி உடலில் எழுவதில்லை. அப்போது வரும் சத்தம் ஆழ்ந்த, கரகரப்பான, இடைவிட்ட குறட்டை. “நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்” என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டுப் போன சம்பவங்கள் இத்துறையில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. வழக்கமாகக் குறட்டை விடாதவர் அப்படிக் குறட்டை விட்டால், தட்டி எழுப்பியும் எழாவிட்டால், அது தூக்கம் அல்ல.

இன்னும் இரண்டு தீங்குகள் இந்த மாத்திரையோடு வருகின்றன. வேலை செய்யத் தொடங்க அரை மணியோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் ‘இது டூப்ளிகேட்’ என்று இரண்டாவது, மூன்றாவது போட்டுவிடுகிறார்கள். ஏறிய பிறகு நினைவு பதிவாவதில்லை. எத்தனை போட்டோம் என்பது தெரியாமல் மறுபடி கை உறைக்குள் போகிறது. மாறாக, மாதக்கணக்கில் தினமும் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதிலும் உயிர் போகலாம். அளவைப் படிப்படியாக, வாரக்கணக்கில், மருத்துவக் கண்காணிப்பில் இறக்குவதுதான் ஒரே வழி.

இதே கலவை கனடாவில் இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. ஸ்காட்லாந்துக்காரர் மாத்திரையைத் தனியாக வாங்கிப் போட்டார். வான்கூவரிலும் டொரோண்டோவிலும் ஃபென்டனில் தூளிலேயே எடிசோலாமைக் கலந்து விற்றார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் இறந்தோர் பரிசோதனைகளில் பென்சோடயசெபைன் தென்பட்ட விகிதம் 2020 ஜூலையில் 15%. 2022 ஜனவரியில் 52%. தான் ஒருநாளும் கேட்டு வாங்காத மருந்துக்கு மனிதர்கள் அடிமையாகிப்போனார்கள். ஓபியாய்டு சிகிச்சைக்கு வந்து சேர்ந்த சில நாளில் அவர்களுக்கு வலிப்பு வந்தபோதுதான் மருத்துவர்களுக்குக் காரணம் புரிந்தது. ஃபிலடெல்ஃபியாவில் அந்த இடத்தைக் கால்நடை மயக்க மருந்தான சைலசின் பிடித்தது. மாடு, குதிரைகளுக்குப் போடும் ஊசி அது. மனிதரில் இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் இறக்கி, ஆறாத புண்களையும் உண்டாக்கும்.

செயற்கைக் கஞ்சா வகைகளும் அந்த ஆண்டு உயிர் குடித்தன. ஹங்கேரியில் 2020 மே முதல் ஆகஸ்ட் வரை 4எஃப்-எம்டிஎம்பி-பிகா என்ற ஒரே பொருளோடு 21 மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் போதை தராத சணல் பூவின் மேல் செயற்கைக் கஞ்சாவைத் தெளித்து, சாதாரணக் கஞ்சா என்றே விற்றார்கள். வாங்கியவருக்கும் தெரியாது, பல இடங்களில் விற்றவருக்கும் தெரியாது. எண்ணிக்கையில் இவை ஓபியாய்டு மரணங்களுக்கு அருகில்கூட வராது என்பதால் இத்தோடு விடுகிறேன்.

மூன்றாவது காரணம் தனிமை. ஓபியாய்டு மிகையில் சாவதற்கும் பிழைப்பதற்கும் இடையே இருப்பது சில நிமிடங்களும் இன்னொரு மனிதரும். தொற்றுக்கு அஞ்சிச் சொல்லப்பட்ட ‘தனித்திரு’ என்ற அறிவுரை, ‘தனியாக எடுக்காதே’ என்ற பழைய உயிர்காக்கும் அறிவுரைக்கு நேர் எதிரானது. விடுதிகளில் பார்வையாளர்களுக்குத் தடை வந்தது. வான்கூவரில் 2003 முதல் இயங்கும் இன்சைட் போன்ற, பயனர்கள் தங்கள் பொருளைப் பணியாளர் கண்முன் எடுக்கும் கண்காணிப்பு மையங்களில் இடைவெளி விதியால் இருக்கைகள் குறைந்தன. இன்சைடில் இத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மிகைகள் நடந்தும் ஒருவர்கூட உள்ளே இறந்ததில்லை. பொருள் அங்கேயும் அதே தெருப் பொருள்தான், பக்கத்தில் ஆள் இருந்தார். சிறைகளில் நெரிசலைக் குறைக்கப் பலரை முன்கூட்டியே விடுவித்தார்கள். சிறையில் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். வெளியே வந்த முதல் வாரங்களில் பழைய அளவை எடுப்பதே மரணமாகும். அவர்களோடு ஓபியாய்டுக்கு முறிமருந்தான நலோக்சோனும், ஓபியாய்டுப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோனுக்கான ஏற்பாடும் கையோடு போயிருக்க வேண்டும். பல இடங்களில் போகவில்லை.

நலோக்சோன் ஓபியாய்டைத் தன் ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும் மருந்து. பென்சோடயசெபைனையோ சைலசினையோ அது தொடாது. இதைப் பாதி கேட்டுவிட்டு “இப்போது நலோக்சோன் வேலை செய்வதில்லை” என்று பரவிய பேச்சு ஆபத்தானது. கலவையிலும் மூச்சை நிறுத்துவது பெரும்பாலும் ஓபியாய்டுதான், எனவே எப்போதும் கொடுக்க வேண்டும். எதிர்பார்க்க வேண்டியது என்ன என்பதுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஊசி போட்டதும் ஆள் எழுந்து உட்கார்ந்தார். கலவை என்றால் மூச்சு திரும்பும், கண் திறக்காது. எழவில்லையே என்று ஒன்றன்பின் ஒன்றாக மருந்தைக் குத்தினால் பொருள் திடீரென விலகுவதால் வரும் கடும் துன்பமும் வாந்தியும்தான் மிஞ்சும். மயங்கிக் கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும்.

செய்ய வேண்டியது இது. தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எழாவிட்டால் மார்பெலும்பின் நடுவே விரல் முட்டிகளால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அப்போதும் அசைவில்லை என்றாலோ, ஐந்தாறு நொடிக்கு ஒரு மூச்சுகூட வரவில்லை என்றாலோ ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கறுத்த நிறத்தவரில் உதட்டின் நீலம் வெளியே தெரியாது. உதட்டின் உட்புறமும் ஈறும் நகக்கண்ணும் சாம்பல் நிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு போதாவிட்டால் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு ஊத வேண்டும். நலோக்சோன் பைகளில் ஒருவழி வால்வு வைத்த முகத்தடுப்பு இருப்பது இதற்குத்தான். பெருந்தொற்றுக் காலத்தில் பொதுவான முதலுதவி அறிவுரை ‘வாயில் ஊதாதீர்கள், மார்பை மட்டும் அழுத்துங்கள்’ என்றது. இதயம் திடீரென நின்றுபோனவருக்கு அது பொருந்தும், அப்போது இரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும். ஓபியாய்டு மிகையில் தீர்ந்துபோயிருப்பதே ஆக்சிஜன்தான். நாடித்துடிப்பும் நின்றுவிட்டால் மார்பு அழுத்தமும் சேர வேண்டும்.

மூக்குத் தெளிப்பு என்றால் ஒரு நாசித்துளையில் முழுவதையும் செலுத்த வேண்டும். வட அமெரிக்காவில் வழக்கமானது 4 மி.கி., பிரிட்டனில் 1.8 மி.கி. ஊசி என்றால் 0.4 மி.கி. தொடைத்தசையில், துணியின் மேலேயே போடலாம். இரண்டு மூன்று நிமிடம் மூச்சூதிக்கொண்டே காத்திருந்து, மூச்சு திரும்பாவிட்டால் மட்டும் அடுத்தது. நிட்டசீன் என்றால் இரண்டு மூன்று தேவைப்படுவதுண்டு. மூச்சு சீரானதும் பக்கவாட்டில் படுக்க வைத்து, கூடவே இருக்க வேண்டும். நலோக்சோனின் ஆயுள் 30 முதல் 90 நிமிடம். உள்ளே இருக்கும் பொருள் அதைவிட நீடிக்கும். எழுந்து ‘சரியாகிவிட்டேன்’ என்று வீட்டுக்குப் போனவர் ஒரு மணி நேரத்தில் மறுபடி மூச்சு நின்று இறப்பது இப்படித்தான். பென்சோடயசெபைனுக்கு ஃப்ளூமசெனில் என்ற முறிமருந்து உண்டு. பழக்கப்பட்டவருக்கு அது வலிப்பைக் கிளப்பும் என்பதால் மருத்துவமனையிலேயே தயங்கித்தான் எடுப்பார்கள். டென்னசியின் நிட்டசீன் மரணங்களில் நலோக்சோன் கொடுக்கப்பட்டது 23 சதவீதத்தில் மட்டும்.

சோதனைப் பட்டைகளைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஃபென்டனில் பட்டையில் ஒரு கோடு வந்தால் ஃபென்டனில் உண்டு, இரண்டு கோடு வந்தால் இல்லை. கர்ப்பச் சோதனைக்கு நேரெதிர் என்பதால் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நிட்டசீனையும் எடிசோலாமையும் இந்தப் பட்டை பார்க்காது. மெத்தாம்ஃபெட்டமைன் போன்றவற்றைப் போதிய நீர் விட்டுக் கரைக்காமல் சோதித்தால் இல்லாத ஃபென்டனிலை இருப்பதாகக் காட்டும். மாத்திரையின் ஒரு மூலையைச் சுரண்டிச் சோதித்தால் அந்த மூலைக்குத்தான் பதில் கிடைக்கும். சேவை மையங்களில் உள்ள அகச்சிவப்பு நிறமாலைக் கருவி ஏறத்தாழ 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைத் தவறவிடும், கொல்லும் பொருளோ ஒரு சதவீதத்தில் இருக்கிறது. மருத்துவமனையின் வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையிலும் இவற்றில் பல தப்பிவிடுகின்றன. 2020-ல் பல மரணச் சான்றிதழ்கள் மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்ததற்கு ஆய்வக நெரிசலோடு இதுவும் காரணம்: தேடத் தெரியாத பொருளைக் கருவி காட்டாது.

அந்தக் காலத்தில் சரியாகச் செய்யப்பட்டவையும் உண்டு. 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு, தினமும் வரிசையில் நின்று மெத்தடோன் வாங்கிய நிலை மாற, நிலைபெற்ற நோயாளிகளுக்கு 28 நாள் மருந்தையும் அந்த அளவு நிலைபெறாவிட்டாலும் பாதுகாப்பாகக் கையாளக்கூடியவர்களுக்கு 14 நாள் மருந்தையும் வீட்டுக்குக் கொடுக்க அனுமதித்தது. மெத்தடோனே தெருவில் பெருகிக் கொல்லும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்ட அச்சம் பொய்த்தது. மொத்த மிகை மரணங்களில் மெத்தடோனின் பங்கு 2019 தொடக்கத்தில் 4.5%, 2021 ஆகஸ்டில் 3.2%. ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர், போதைச் சிகிச்சை மையம் அல்லாதவர்களும் நலோக்சோன் வழங்கினால் வழக்குத் தொடுப்பதில்லை என்று 2020-ல் அறிவித்தார். விடுதிப் பணியாளர்களின் கைக்கும் குடும்பங்களின் கைக்கும் அது வேகமாகப் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2020 மே மாதம் வந்த லைஃப்கார்ட் செயலி, தனியாக எடுப்பவர் குறித்த நேரத்தில் பொத்தானை அழுத்தாவிட்டால் அவசர உதவியை அழைக்கும். கிளாஸ்கோவில் செயற்பாட்டாளர் பீட்டர் கிரைகண்ட் 2020 செப்டம்பரில் ஒரு வேனைக் கண்காணிப்பு மையமாக மாற்றித் தெருவில் நிறுத்தினார். அரசு அனுமதி பெற்ற முதல் மையம் அந்நகரில் திறந்தது 2025 ஜனவரியில். நாலு ஆண்டுக்கும் மேலான தாமதம் மன்னிக்கத்தக்கது என்று எனக்குத் தோன்றவில்லை.

எடிசோலாமை 2020 மார்ச்சில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்துச் சந்தையில் அது மெல்லக் குறைந்து, அந்த இடத்துக்கு அதே வகையைச் சேர்ந்த புரோமசோலாம் வந்தது. அதே நீல மாத்திரை, அதே பெயர், வேறு பொருள். மரணங்கள் 2021-ல் 1,330, 2022-ல் 1,051 என இறங்கி, 2023-ல் 1,172 ஆக மறுபடி ஏறின. அதற்குள் நிட்டசீன்கள் அங்கும் வந்துவிட்டன, சில நேரம் அந்த நீல மாத்திரைக்குள்ளேயே. டொரோண்டோவிலும் ஒன்டாரியோவின் மற்ற நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நலோக்சோன் பையை மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமல் இலவசமாகவே வாங்கலாம். வாங்கும்போது உறையில் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயில் படும் காரில் வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் மீதமுள்ள மாத்திரையையோ தூளையோ உறையோடு அவர்களிடம் கொடுங்கள். எத்தனை முறை, எத்தனை மணிக்கு நலோக்சோன் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவசர சிகிச்சை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.